விண்ணப்பத்தின் முதல் வரியில் அக்கா

1.

இந்தக் கதை ஒரு தேடல் பிழையில் பிறந்தது. எழுத்தாளர்களுக்கு யாராவது உதவித்தொகை தருகிறார்களா என்று கணினியில் தேடிக்கொண்டிருந்தேன். என் நாவல் ஒன்று பாதியில் நிற்கிறது. பணமில்லாததால்தான் நிற்கிறது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். எதையோ தவறாகத் தட்டியதில், உடல் பருமன் மற்றும் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கான நிதிகளின் பட்டியல் வந்து விழுந்தது. மூடியிருக்கலாம். தலைக்கு மேல் வேலை இருக்கும்போது வேண்டாததைப் படிக்கும் சுகத்தை நான் என்றைக்குமே விட்டதில்லை.

ஒருவர் கருவி வாங்கப் பணம் தருவார், ஆனால் அதை இயக்கும் ஆளுக்குச் சம்பளம் தரமாட்டார். இன்னொருவர் மாநாட்டுக்கு விமானக் கட்டணம் தருவார். மாநாட்டில் பேச ஓர் ஆய்வு வேண்டுமே என்றால் அது உங்கள் பாடு. சர்க்கரைத் தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்கும் ஒரு நிறுவனம், பருமனை ஒழிக்கத் தாராளமாகத் தருகிறதாம். ஆனால் எல்லா விண்ணப்பங்களிலும் ஒரு கட்டம் தவறாமல் இருந்தது: ‘இந்த ஆய்வு உங்களுக்கு ஏன் முக்கியம்? உங்கள் கதையைச் சொல்லுங்கள்.’

எந்தப் பதிப்பாளரும் என்னிடம் இவ்வளவு அன்பாகக் கேட்டதில்லை. அந்தக் கட்டத்தை நிரப்புவதற்காகவே ஒரு பெண்ணை உண்டாக்கினேன்.

2.

முதல் தொடக்கம்: ‘ஜன்னலுக்கு வெளியே பெய்யும் மழையைப் பார்த்தபடி அந்த ஊட்டச்சத்து ஆய்வாளர்…’

(வேண்டாம். அவள் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒப்பந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஜன்னல் வைத்த அறையை எந்தப் பல்கலைக்கழகம் தரும்?)

இரண்டாவது தொடக்கம்: அவள் அறைக்கு அடுத்தது ஃப்ரீசர் அறை. பேருந்து ஓட்டுநர்களிடம் ஒரு வருடமாகச் சேகரித்த இரத்த மாதிரிகள் அங்கேதான் இருக்கின்றன. ஓட்டுநர்களுக்கு எடை கூடுவது எதைச் சாப்பிடுகிறார்கள் என்பதால் மட்டுமல்ல, எப்போது, எத்தனை அவசரத்தில் சாப்பிடுகிறார்கள் என்பதாலும்தான் என்பது அவள் வாதம். மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. புதிய நிதி வராவிட்டால் அவள் வேலை போகும், ஃப்ரீசர் வேறொரு குழுவின் கைக்குப் போகும், மாதிரிகள் குப்பைக்குப் போகும். தகுதி பொருந்தி மிச்சமிருப்பது ஒரே ஓர் ஆய்வு நல்கை. இன்று மாலை ஐந்து மணிக்கு அதன் கதவு மூடுகிறது.

இது பரவாயில்லை. மழை இல்லாமலேயே எனக்கு அவள்மேல் கவலை வந்துவிட்டது.

3.

அந்த நல்கைக்கு ஒரு விசித்திர விதி உண்டு. ஆய்வின் எளிய நடைச் சுருக்கத்தை, பருமனான உடலோடு வாழும் ஒருவர் படித்து, தம் சொந்த வார்த்தையில் கருத்து எழுதி இணைக்க வேண்டும்.*

* (எல்லாரும் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். கருத்தையும் தாங்களே எழுதி, தெரிந்தவர் ஒருவரிடம் ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்பார்கள்.)

அவள் அப்படிச் செய்யவில்லை. தன் அக்காவிடம் போனாள். ஆக, எனக்கு இப்போது ஓர் அக்கா தேவைப்பட்டாள். எழுதினேன்: ‘கண்ணாடி முன் நிற்பதை அக்கா நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அலமாரியில் ஒளித்து வைத்த பிஸ்கட்டை, யாரும் பார்க்காத நேரத்தில்…’

பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது. இவ்வளவு சுலபமாக வருவது என்னுடையதாக இருக்காது என்று சந்தேகம் வந்து நிறுத்தினேன். பருமனான பெண் என்றதும் கை தானாக ஒரு சோகத்தை எடுத்து நீட்டுகிறது. அவளை வேலைக்கு அனுப்பிப் பார்த்தேன். அக்கா நகரப் பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்கக் கண்ணாடி பார்ப்பதுதான் அவள் பிழைப்பே. பிஸ்கட்டை ஒளிக்க அவளுக்கு நேரமும் இல்லை, பயமும் இல்லை. எல்லார் முன்னாலும் டீயில் முக்கித்தான் தின்பாள்.

4.

டெப்போ கேன்டீன். பேருந்தின் இரண்டு நடைக்கு நடுவில் அக்கா தங்கையின் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“என்னடி, முதல் வரியிலேயே நான் வர்றேன்?”

முதல் வரி இது: ‘என் அக்கா பல வருடங்களாகத் தன் உடல் எடையோடு போராடி வருகிறார். அவரது கண்ணீரில் பிறந்ததே இந்த ஆய்வு.’ பல்கலைக்கழக நிதிப் பிரிவின் ஆலோசகர் சொல்லி எழுதியது. விண்ணப்ப வைத்தியர் என்று அவருக்குப் பட்டப்பெயர். “குழுவுல இருக்கறவங்க கட்டுக்கட்டா படிக்கறவங்க மேடம். முதல் வரியில கண்ணு கலங்கணும். உங்க வீட்ல அப்படி யாரும் இல்லையா?” என்று கேட்டிருந்தார். அவர் தொட்ட விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் தேறியிருக்கின்றன.

“பேரு போடலக்கா.”

“பேரு எதுக்கு? உனக்கு எத்தன அக்கா இருக்காங்க?” அக்கா மறுபடியும் படித்தாள். “நான் எப்போடி போராடினேன்? நான் பாட்டுக்கு பஸ் ஓட்டிக்கிட்டு இருந்தேன்.”

“முட்டி வலிக்குதுன்னு நீ அழலையா?”

“முட்டி வலிச்சா அழாம சிரிப்பாங்களா? அது முட்டிக்கு அழுதது. உன் ஆராய்ச்சிக்கு இல்ல.” விரலால் திரையைத் தள்ளினாள். “ரெண்டாவது பத்தி நல்லாயிருக்கு. சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம்தான்னு போட்டிருக்க பாரு, அது நெசம். வரிசையில நிக்கவே பாதி போயிடும். அப்புறம் எங்க மெல்றது, முழுங்க வேண்டியதுதான்.”

“அதப் படிச்சா யாருக்கும் கண்ணு கலங்காதாம்க்கா.”

“கலங்காட்டி போகட்டும்.”

“இது கிடைக்கலன்னா எனக்கு வேற வழியே இல்லக்கா.”

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்குத் தெரியாதாடி? உனக்கு வேலை நெலைச்சா எனக்குத்தான் மொதல்ல சந்தோஷம். ஆனா இதப் படிச்சவங்க ஒருநாள் என் பஸ்ஸுல ஏறுனா என்னை ஐயோ பாவம்னு பாப்பாங்க. அறுபது பேர ஏத்திக்கிட்டுப் போறவளப் பாத்து பாவம்னு நெனச்சா, எவன் நம்பி உக்காருவான்?”

பிறகு கருத்துக் கட்டத்தில் இரண்டு விரலால் தட்டினாள்: ‘ஆய்வு உண்மை. சீக்கிரம் செய்யுங்கள். முதல் வரி பொய். — பேருந்து ஓட்டுநர்.’ தட்டியதைத் திரும்பக்கூடப் பார்க்கவில்லை. மணி அடித்தது. தங்கை தொடாமல் வைத்திருந்த டீயையும் எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, அக்கா வண்டிக்குப் போனாள்.

5.

இரண்டும் சேர்ந்து ஒரே விண்ணப்பத்தில் போக முடியாது. ஒன்று, முதல் வரி போக வேண்டும். இல்லை, அக்காவின் கருத்து போக வேண்டும். எதை அழிப்பதற்கும் ஒரே பொத்தான்தான்.

முடிவு ஒன்று: கருத்தை அழித்து, ‘இந்த ஆய்வு எங்களைப் போன்றவர்களுக்கு நம்பிக்கை தருகிறது’ என்று தானே எழுதி அனுப்புகிறாள். நல்கை கிடைக்கிறது. ஃப்ரீசர் தப்பிக்கிறது, ஆய்வு வெளிவருகிறது, அதைக் காட்டித் தொழிற்சங்கம் சாப்பாட்டு நேரத்தை நீட்டிக்க வைக்கிறது. அக்காவும் உட்கார்ந்து மென்று சாப்பிடுகிறாள். ஆனால் தங்கையிடம் அந்த வரியைப் பற்றி எதுவுமே கேட்பதில்லை.

முடிவு இரண்டு: முதல் வரியை அழிக்கிறாள். நேர்மை வென்றது என்று எழுத…

(எழுத முடியவில்லை. நேர்மைக்கு நல்கை கிடைத்ததாக எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். கிடைக்கவில்லை என்று எழுதினால் அக்காவுக்குப் பதிலாகத் தங்கையைக் காட்டி உங்கள் கண்ணைக் கலங்க வைத்தவனாவேன். விண்ணப்ப வைத்தியரும் நானும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்தான் போலிருக்கிறது.)

6.

ஆகவே கதையை இங்கே நிறுத்துகிறேன். சோம்பலால் அல்ல. இந்த முடிவு அவள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. முதல் வரி எப்படி இருக்க வேண்டும் என்று வைத்தியர் தீர்மானித்ததே, படிக்கும் குழுவை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பதால்தான். அந்தக் குழுவில் உங்களை உட்கார வைத்துவிட்டேன். நேரமாகிவிட்டது, பசிக்கிறது, முன்னால் கட்டுக்கட்டாக விண்ணப்பங்கள். ஒன்றில் அழுகிற அக்கா இருக்கிறாள். இன்னொன்றில் அவசர அவசரமாக முழுங்கிவிட்டு வண்டி எடுக்கப் போகிற ஓட்டுநர் இருக்கிறாள். ஆய்வு ஒன்றேதான், மதிப்பெண்தான் உங்களுடையது.

அவள் கணினி முன் உட்கார்ந்திருக்கிறாள். ஐந்து மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. முதல் வரியை அழித்துவிட்டு அனுப்ப அவளுக்கு ஆசைதான். உங்களை நினைத்துத்தான் பயப்படுகிறாள்.

அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?