அக்கா முறுக்கிய நாலு போல்ட்

"நீ வர்றதுக்குள்ள நாலு போல்ட்டையும் நானே முறுக்கிட்டேன்டி. உனக்கு வேலை மிச்சம்."

"எப்போக்கா?"

"விடிஞ்சதும். பாரு, முடி கூட நுழையாது. போன தடவையும் நான்தானே முறுக்கினேன், நீ சாப்பிடப் போயிருந்தப்போ. சொல்லலையா உன்கிட்ட?"

படகின் இன்ஜின் குழிக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாகத் தங்கை அப்படியே நின்றுவிட்டாள்.

சொல்லவில்லை. இரண்டு வருஷமாகச் சொல்லவில்லை.

அக்கா ஆற்றில் பயணிகள் படகு ஓட்டுகிறவள். தங்கை அதற்கு மெக்கானிக். இந்தத் தடவை இன்ஜினைக் கழற்றி மாட்டி, படகைத் தண்ணீரில் இறக்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. போன தடவை இன்ஜினைக் கழற்றி மாட்டிய இரண்டாம் வாரமே, அடியில் விசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட் வெளியே போகிற இடத்தில் தண்ணீர் பீய்ச்சியடித்தது. முப்பது பேர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். டிக்கெட் கிழிப்பவர் அன்றைக்கே தங்கைக்கு 'ஒழுகல்' என்று பேர் வைத்தார். அது பசை போல ஒட்டிக்கொண்டது. தன் கைதான் அளவைத் தப்பாகப் படித்தது என்று அவளும் நம்பிவிட்டாள். அதற்குப் பிறகு எதையும் மூன்று தடவை அளக்காமல் விட்டதில்லை. குழம்புக்குப் போடும் உப்பைக்கூட.

"கீழ இறங்கி வா. ஒண்ணு காட்டறேன்."

"துணியெல்லாம் கிரீஸாகும்டி."

"ஆகட்டும். வா."

அக்கா முனகிக்கொண்டே இறங்கினாள். தங்கை இரண்டு வட்டத் தகடுகள் சேரும் இடத்தைத் தொட்டாள்.

"இது இன்ஜினோட முகம், இது ஷாஃப்ட்டோட முகம். ரெண்டும் தானா பொருந்தணும். நீ போல்ட் போட்டு இறுக்கினா ஒட்டித்தான் நிக்கும், சண்டைக்காரங்க ரெண்டு பேரைப் போட்டோவுக்கு நிக்கவச்ச மாதிரி. உள்ளுக்குள்ள இழுத்துக்கிட்டே இருக்கும். ஓட ஓட ஷாஃப்ட் ஆடி, அது வெளிய போற ஓட்டை வழியா தண்ணி வந்துடும்."

ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். நாலாவது போல்ட் கழன்றதும் 'டக்' என்றது. நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டதுபோல, இரண்டு முகங்களும் கீழ்ப்பக்கம் விலகின. மேலே மெல்லிய அளவுத்தகடு கூட நுழையவில்லை. கீழே தடித்தது தாராளமாகப் போய் வந்தது.

"கரையில சரியாத்தானே இருந்துச்சு?" என்றாள் அக்கா.

"கரையில கட்டை மேல உட்கார்ந்திருந்துச்சு. தண்ணியில மிதந்தா மரம் ஊறும், படகோட உடம்பே கொஞ்சம் வளையும். ரெண்டு நாள் மிதக்கவிட்டு அளக்கலாம்னு அதுக்குத்தான் சொன்னேன். போன தடவையும் சொன்னேன்."

அக்கா அந்த இடைவெளியையே பார்த்தாள். "அப்போ அன்னைக்கு..."

"ஸ்பேனரை எடு. பதினேழு."

அக்கா தன் வாழ்நாளில் முதன்முறையாக மறுபேச்சு இல்லாமல் எடுத்துக் கொடுத்தாள். தங்கை இன்ஜினின் முன்கால் நட்டுகளைக் கால் சுற்று இறக்கினாள், அளந்தாள், மறுபடி ஒரு பொட்டு இறக்கினாள். மேல், கீழ், இடம், வலம்: நாலு பக்கமும் ஒரே தகடு ஒரே இறுக்கத்தோடு போய் வந்தது. ஷாஃப்ட்டை அரைச்சுற்று திருப்பி மறுபடி பார்த்தாள். அதே அளவு. மூன்றாவது தடவை அளக்கத் தகட்டை எடுத்தவள், சிரித்துக்கொண்டு பெட்டிக்குள் போட்டுவிட்டாள்.

"இப்போ முறுக்கு" என்றாள். "நீயே முறுக்கு."

இன்ஜின் கிளம்பியது. சுக்கான் பக்கத்தில் எப்போதும் ஆடி ஆடி விளிம்புக்கு வந்துவிடும் தம்ளர், வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. அக்கா அதை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தாள்.

துறையில் வரிசை சேர்ந்துவிட்டது. டிக்கெட் கிழிப்பவர் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார்: "என்ன ஒழுகல், இன்னைக்காவது செருப்போட போய்ச் சேருவாங்களா?"

வரிசை சிரித்தது. தங்கை கையைத் துடைத்துக்கொண்டு அக்காவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அக்கா, அன்னைக்குப் போல்ட்டை முறுக்கினது யாருன்னு இவங்க கிட்ட நீயே சொல்லிடேன். இப்போவே, சத்தமா."