தண்டவாளத்தில் நின்ற நீலக் கார்

டெட்ராய்ட்டில் கலை அருங்காட்சியகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே உள்ள நிலையத்தில் டிராம் நின்றுவிட்டது. தண்டவாளத்தை மறித்து ஒரு நீலக் கார். இன்னும் இருபது நிமிடத்தில் பாட்டுத் தேர்வுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று டிராமில் இருந்த ஒடெஸா ஓட்டுநரிடம் பதறினாள்.

“ஒதுங்கிப் போக இதென்ன பஸ்ஸாக்கா? கார்க்காரங்க வந்தாத்தான் உண்டு,” என்றார் ஓட்டுநர் டெரல்.

யாருடையதாக இருக்கும்? ஒடெஸா இறங்கிப் போய்க் கார் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள். பின்சீட்டில் கொண்டை ஊசிகள், ரிப்பன், காலியான வெள்ளைச் செருப்புப் பெட்டி. கல்யாணங்கள் நடக்கும் சனிக்கிழமை வேறு. சட்டென்று எதிரே நூலகப் படிக்கட்டைப் பார்த்தாள். படமெடுக்க மூன்று கல்யாண ஜோடிகள் வரிசையில் நின்றார்கள்.

“நீலக் கார் எந்தப் பொண்ணோடது? டிராம் நிக்குது!” என்று அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தாள்.

நடுவில் நின்ற மணப்பெண் கவுனைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தாள். “மன்னிச்சிடுங்கக்கா! அஞ்சே நிமிஷம்னு நெனச்சேன்.”

கார் நகர்ந்தது.

“தெரு முழுக்கக் கேட்டுச்சு. இந்தக் குரலுக்குத் தேர்வு வேறயா? ஏறுங்கக்கா,” என்று டெரல் மணியடித்தார்.