நாலு நொடி ஓடிய கணினி

1

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பூம்பாறையில் எங்கள் வீட்டு முன்னறையில், போன சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நடந்தது. என் தங்கை லாவண்யா தன் கையாலேயே பூட்டிய புதுக் கணினி ஓட மறுத்தது. இதை எழுதாமல் இருக்க மூன்று நாள் பூண்டுக்குக் களை எடுத்துப் பார்த்தேன். களைதான் தீர்ந்தது.

தொடக்கம் இரண்டு கெட்டுப்போயின.

‘மலையில் மேகம் இறங்கிய ஒரு காலையில்...’ [வேண்டாம். இங்கே மேகம் இறங்காத காலை எது?]

‘லாவண்யா ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள். அவள் கண்களில்...’ [கண்களில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அடுப்படியில் இருந்தேன்.]

மூன்றாவது இது: திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் அந்தக் கணினி ஓடாவிட்டால் லாவண்யா மறுபடியும் கோயம்புத்தூர் விடுதிக்குப் போக வேண்டும்.

அழகான வாக்கியமில்லை. ஆனாலும் இருக்கட்டும், கதையே இதுதான்.

2

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை அவளுக்கு. இரண்டு வருடம் விடுதியில் இருந்து பார்த்தாள். வீட்டிலிருந்தே செய்யலாம் என்று இப்போதுதான் விட்டார்கள், அந்த ஒன்பது மணி நிபந்தனையோடு. எனக்கு அவள் பக்கத்தில் வேண்டும். அலங்காரமில்லாமல் சொல்லிவிடுகிறேன்: இரண்டு வருடம் ஒருத்திக்கு மட்டும் உலை வைத்து எனக்குச் சலித்துவிட்டது.

திண்டுக்கல் கடைக்காரர் குமரகுரு பாகங்களை அட்டைப் பெட்டியில் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். சனிக்கிழமை பகல் முழுக்க லாவண்யா செல்போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பூட்டினாள். ஓடவிடுமுன் பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் பழனிச் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து வந்து, பெட்டியின் முகப்பில் வட்டமாக இருந்த பொத்தானின் மேல் பொட்டு வைத்தாள். குங்குமமும் வைத்தாள்.

(பக்கக் குறிப்பு: மோட்டார் பம்பு, மிக்சி, ஜீப், எதுவானாலும் எங்கள் வீடுகளில் பொட்டு வைத்த பிறகுதான் ஓடும். பொட்டுக்கு நெற்றி வேண்டும். அந்தப் பெட்டியில் நெற்றி மாதிரி இருந்தது பொத்தான்தான்.)

லாவண்யா பொட்டு கலையாமல் விரல் நுனியால் அமுக்கினாள். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. நாலு எண்ணுவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

“என்னடி, அம்புட்டுத்தானா?” என்றேன்.

“சும்மா இருக்கா. நானே வெறுத்துப் போயி கெடக்கேன்.”

3

குப்பம்மாள் மேல் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. எழுபது வயது, வெற்றிலை வாய், நேரம் பார்த்து நுழைகிறாள். கூப்பிடாமலே எல்லாக் கதையிலும் வந்து உட்காருகிற கிழவி. அவளைப் பிறகு கவனிக்கிறேன்.

லாவண்யா குமரகுருவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“மலைக்குளிருங்க. ஈரம் ஏறியிருக்கும். ஹீட்டருக்கு முன்னாடி வைங்க. அப்புறம் மெமரி கார்டக் கழட்டி, அழிரப்பர வச்சு அதோட ஓரத்துல இருக்குற தங்கப் பல்ல நல்லாத் தேய்ங்க.”

ராத்திரி முழுக்க ஹீட்டர் எரிந்தது. ஞாயிறு வெள்ளனே எழுந்து, பள்ளிக்கூடப் பெட்டியில் கிடந்த அழிரப்பரால் அவள் தேய்த்தாள். எல்லா ஒயரையும் பிடுங்கி மறுபடி செருகினாள். நாலு நொடி. மறுபடி நாலு நொடி. பத்து மணிக்குத் துணிகளைப் பையில் மடித்து வைத்தாள்.

அதைப் பார்த்ததும் நான்... [முடிக்க வரவில்லை.]

“கொடைக்கானல் போயி வேற பவர் கேபிள் வாங்கிட்டு வாரேன். அதுக்கும் மசியலேன்னா காலையில மொத பஸ்ஸுக்குக் கெளம்புறேன்க்கா.”

“வெரசா வாடி,” என்றேன். வேறென்ன சொல்வது?

4

குப்பம்மாள் என்று யாரும் இல்லை. பொட்டு வைத்தது நான்.

உங்களை ஏமாற்றியதற்கு மன்னியுங்கள். பழியை இறக்கிவைக்க ஒரு தோள் வேண்டியிருந்தது. “சாமி பொட்டு, அழிச்சுராதடி” என்று அவளை மிரட்டியதும் நான்தான்.

அவள் பஸ் ஏறிய பிறகு கணினியைப் பார்த்தேன். ஹீட்டர் சூட்டில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. புதிதாக வைத்தால் முருகன் இரங்குவான் என்று ஈரத் துணியால் துடைத்தேன். டொக்கென்று பொத்தான் வெளியே வந்தது. இடுக்கில் இறங்கிய சந்தனத்தால் ஒரு நாள் முழுக்க அது உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பொத்தான் அமுங்கியே இருந்தால் கணினி நாலைந்து நொடியில் தானாக அணைந்துவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது தெரிந்ததெல்லாம், இது என் வேலை என்பது மட்டும்தான். ஈர்க்குச்சியால் இடுக்கைச் சுரண்டினேன். புதுப் பொட்டைப் பெட்டியின் உச்சியில் வைத்தேன்.

5

முடிவுகள்.

அ) லாவண்யா வந்ததும் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். [நல்ல முடிவு. நடக்கவில்லை.]

ஆ) வாசலிலேயே பொட்டு இடம் மாறியதைக் கண்டுபிடித்தாள். [அவளுக்கு ஏது அந்தக் கவனம்? கையில் புதுக் கேபிள்.]

நடந்தது: புதுக் கேபிளைச் செருகினாள், ஓடியது. நாலு நொடி, பத்து நொடி, ஒரு நிமிடம். பழைய கேபிளைப் போட்டுப் பார்த்தாள். அதிலும் ஓடியது. “அழிரப்பர்தான்க்கா! நான் தேச்சதுதான்!” என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். “ஆமாடி,” என்றேன். திங்கள் ஒன்பதுக்கு வேலையில் உட்கார்ந்துவிட்டாள். பை மறுபடி அலமாரிக்குப் போனது.

நேற்றுச் சாப்பிடும்போது சொன்னாள்: “அது ஓடுனப்பதான்க்கா, இனி நானா எதையும் பாத்துக்கிருவேன்னு தைரியம் வந்துச்சு.”

அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

6

நான் தாளில்தான் எழுதுவேன். தட்டச்சு செய்வது லாவண்யா. புதுக் கணினியில் அவள் அடிக்கப்போகும் முதல் கதை இது. நான்காம் பகுதி தனித்தாளில் இருக்கிறது. அதை உருவிவிட்டால் குப்பம்மாள் பிழைத்துக்கொள்வாள், லாவண்யாவின் தைரியமும் பிழைத்துக்கொள்ளும். காலையிலிருந்து இரண்டு முறை உருவினேன், இரண்டு முறை செருகினேன்.

இப்போது எல்லாத் தாளையும் வரிசையாக அவள் மேசையில் வைத்துவிட்டு, சோலி இருக்கிறது என்று பூண்டுக் காட்டுக்குப் போகப்போகிறேன். வாசகரே, இந்தப் பகுதி உங்களுக்குத் தெரிகிறது என்றால் அவள் அழிக்கவில்லை. அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

லாவண்யா, அந்தக் கணினியை ஒரு ஒயர்கூடப் பிசகாமல் பூட்டியது நீ. கெடுத்தது நான். நீ போய்விடக் கூடாதே என்றுதான் பொட்டை அவ்வளவு அழுத்தி வைத்தேன். கீழே இடம் விட்டிருக்கிறேன். முடிவை நீ அடி.