கூட யாரு?

ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்கு வந்த டாக்டர், சிஸ்டர் அத்தனை பேரும் இரண்டே கேள்விதான் கேட்டார்கள். ஒன்று, காற்று பிரிந்ததா? இன்னொன்று, கூட யார் இருக்கிறார்கள்? காற்றும் பிரியவில்லை, கூட யாரும் இல்லை. அறுபத்திரண்டு வயது மனிதனைப் படுக்கப் போட்டு இப்படிக் கேட்டால் அவன் என்னதான் சொல்வான்?

என் பெயர் தங்கவேல். சோரியாங்குப்பத்தில் இரண்டரை காணி நிலம், நெல்லும் கொஞ்சம் கரும்பும். அடிவயிற்றின் ஓரத்தில் நாலு வருஷமாக எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டிருந்த குடலிறக்கத்தை லுங்கியை இறுக்கிக் கட்டியே ஓட்டி வந்தேன். போன சனிக்கிழமை யூரியா மூட்டையைத் தூக்கியபோது வெளியே பிதுங்கிய குடல் உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டது. மத்தியானத்துக்குள் நிற்காத வாந்தி. பக்கத்து வீட்டு சுப்பராயலு தன்னுடைய மினி லாரியில் என்னைப் படுக்க வைத்து அரியூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வந்தான். குடலில் ஒரு சாண் கறுத்துப் போயிருந்ததாம். வெட்டி எடுத்துவிட்டுத் தைத்தார்கள்.

என் மனைவி சின்னபொண்ணுதான் கையெழுத்துப் போட்டாள். அந்த இரவும் மறுநாளும் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டு கிடந்தாள். திங்கட்கிழமை காலையில் அவளை அனுப்பி வைத்தது நான்தான்.

“மாடு இன்னிக்கோ நாளைக்கோ கன்னு போடும். நீ இங்க குந்திக்கினு இன்னா பண்ணப் போற? கௌம்பு.”

“போவட்டுமா?”

“போ.”

“தனியா இருந்துக்குவீங்களா?”

“நான் இன்னா பச்சப்புள்ளையா? போன்னா போ.”

போய்விட்டாள். அவள் வார்டு வாசலைத் தாண்டும் வரைக்கும் நான் பெரிய வீரன். அதற்கப்புறம் மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய், கீழே ஒரு குழாய் என்று மூன்றோடும் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். வாய்க்கொழுப்பு என்னுடையது, யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள் வேண்டும் என்றிருந்தது. மாடு, கன்று எல்லாம் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை, அவள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால் போதும் என்றிருந்தது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஜோஸ்பின் சிஸ்டருக்கு என்மேல் கோபம்.

“பெரியவரே, ஆப்பரேசன் ஆன ஆளு கூட யாருமில்லாம இருக்கக் கூடாது. யார் வரா?”

“பையன் வரான், பெங்களூர்லேருந்து. கௌம்பிட்டான்.”

பச்சைப் பொய். பையன் தமிழ்க்குமரன் வருகிறேன் என்று போன் செய்தபோது, “வராத, லீவெல்லாம் போடாத, இங்க ஒண்ணுமில்ல” என்று நான்தான் அடித்துச் சொல்லியிருந்தேன். அவன் நல்ல பிள்ளை, சொன்னால் கேட்பான். அதுதான் வயிற்றெரிச்சல்.

எங்கள் வார்டில் பதினாறு கட்டில்கள். சாயங்காலம் நாலு மணிக்குப் பார்வையாளர்களை விடுவார்கள். ரொட்டி, திராட்சை, ஹார்லிக்ஸ், வயர்க்கூடையில் சோறு என்று கூட்டம் உள்ளே நுழையும். பதினைந்து கட்டிலையும் மனிதர்கள் மொய்த்துக்கொள்வார்கள். நான் மூணே முக்காலுக்கே கண்ணை மூடிக்கொள்வேன். தூங்குகிறவனைப் பார்க்க யாரும் வராவிட்டால் அது அவனுடைய குறை ஆகாது பாருங்கள். ஆறு மணிக்குக் கூட்டம் கலைந்த பிறகு விழித்துக்கொண்டதுபோல் ஒரு கொட்டாவி விடுவேன். யாரை ஏமாற்றினேன் என்று தெரியவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஆரோக்கியம் என்று ஒருவர், வில்லியனூர்ப் பக்கத்துக் கொத்தனார், பித்தப்பையில் கல். அவருடைய மனைவி ஸ்டெல்லா கூடவே இருந்தாள். இருபத்து நாலு மணி நேரமும் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் கேட்டால் திட்டு, கேட்காவிட்டால் திட்டு. “இவ தொல்ல தாங்காமதான் வவுத்துல கல்லு வந்துச்சி” என்று ஆரோக்கியம் என்னிடம் கண்ணடிப்பார். அந்தத் திட்டில் ஒன்றிரண்டு இந்தப் பக்கமும் விழாதா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. என் குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோனால் ஸ்டெல்லாதான் எழுந்து போய் சிஸ்டரைக் கூப்பிடுவாள். நன்றி சொல்லக் கூச்சமாக இருக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் காற்று பிரிந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தைத்த குடல் வேலை செய்கிறது, இனி மூக்குக் குழாயை எடுப்பார்கள், இனி ஒரு மடக்குத் தண்ணீர் கிடைக்கும். ஒரு மனிதனுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? ஆனால் சொல்வதற்கு ஆள் வேண்டுமே. சின்னபொண்ணுவுக்குப் போன் போட்டேன்.

“மாடு கன்னு போட்டுச்சா?”

“இன்னும் இல்ல. உங்களுக்கு எப்பிடி இருக்கு?”

“எனக்கு இன்னா? நல்லாத்தான் இருக்கேன்.”

வைத்துவிட்டேன். காற்று பிரிந்ததைச் சொல்லவில்லை. மாட்டைப் பற்றி விசாரிக்கிற வாய்க்கு என்னைப் பற்றிப் பேச வராது. கடைசியில் ஸ்டெல்லாவிடம் முணுமுணுத்தேன். அவள் அங்கிருந்தே, “சிஸ்டர், அண்ணனுக்குக் காத்து பிரிஞ்சிடுச்சாம்!” என்று கத்தினாள். பதினைந்து கட்டிலும் சிரித்தது. நானும் சிரித்தேன், தையல் வலித்தது.

புதன்கிழமை காலையில் கீழே இருந்த குழாயையும் எடுத்துவிட்டார்கள். இனி எழுந்து கக்கூசுக்கு நடந்துதான் போக வேண்டும். பிசியோதெரபி படிக்கிற ஒரு பெண் வந்து எழுவதற்குச் சொல்லிக்கொடுத்தாள். நேராக எழக் கூடாதாம். முதலில் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், பிறகு காலைத் தொங்கவிட வேண்டும், கையை ஊன்ற வேண்டும்.

“கூட இருக்கிறவங்க தோளைப் பிடிச்சுத் தூக்கிவிடணும். கூட யாரு?”

நான் ஜன்னலைப் பார்த்தேன். ஸ்டெல்லா எழுந்து வந்தாள். கொத்தனாருக்குச் சமமாகச் சித்தாள் வேலை பார்த்த கை, உடும்புப் பிடி. அவள் ஒரு பக்கம், அந்தப் பெண் ஒரு பக்கம் என்று தூக்கியபோது என் வயிறு இரண்டாகப் பிளந்துவிட்டது என்றே நினைத்தேன். கண் இருட்டியது. “விட்றாதம்மா, விட்றாதம்மா” என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். நாலடி நடந்து திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்தபோது சட்டை நனைந்திருந்தது.

“வூட்டுக்குப் போன அண்ணி இன்னும் வரலையாண்ணே?” என்றாள் ஸ்டெல்லா.

மானம் போய்விட்டதே, அதைத் திரும்ப எடுக்க வேண்டாமா? பதினொரு வருஷமாக டீக்கடையிலும் கல்யாண வீடுகளிலும் நான் சொல்லி வருகிற கதையை எடுத்துவிட்டேன்.

“அவ வரணும்னு இன்னா இருக்கு? எங்க வூட்ல எல்லாம் தைரியசாலிங்க. அவளுக்குக் கர்ப்பப்பை ஆப்பரேசன் பண்ணப்ப நான் கூடவே இல்ல தெரியுமா? ஆலையில கரும்பு வெட்ட ஆர்டர் குடுத்துட்டான். நீங்க போங்க, கரும்பு காஞ்சிடும்னு அவளே சொல்லிட்டா. நான் போயிட்டேன். நாலு நாளு ஒத்தையா இருந்தா. அஞ்சாம் நாளு பையத் தூக்கிக்கினு அவளே பஸ் ஏறி வூட்டுக்கு வந்துட்டா.”

இந்த இடத்தில் எல்லோரும், “பலே, பொம்பளைன்னா இப்படி இருக்கணும்” என்பார்கள். ஸ்டெல்லா சொல்லவில்லை. ஆரோக்கியத்தின் போர்வையை மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

“ஒத்தையாவா? மொத தடவ எப்பிடிண்ணே எழுந்தாங்க?”

எனக்குத் தெரியவில்லை. குத்தலாகக் கேட்கவில்லை அவள், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதினொரு வருஷத்தில் அதை நான் கேட்டதே இல்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றியதில்லை.

அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. யார் தோளைப் பிடித்தார்கள்? பாட்டில் தீர்ந்தபோது யார் போய்ச் சொன்னார்கள்? கக்கூசுக்கு எப்படிப் போனாள்? தலையை யார் பின்னிவிட்டார்கள்? நாலு மணிக்குக் கூட்டம் வருமே, அப்போது அவள் என்ன செய்தாள்? பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்ததா? வீட்டுக்கு வந்தபோது நான் கொல்லையில் இருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, உட்கார்ந்து சாப்பிட்டேன். வெட்கமில்லாமல் இரண்டாவது தரம் குழம்பு கேட்டு வாங்கியதும் ஞாபகம் வந்தது. அந்தக் கட்டிலில் எழுந்து உட்காரவும் முடியாமல், படுக்கவும் பிடிக்காமல், எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

போனை எடுத்தேன். மாட்டைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் எடுத்தேன்.

“சின்னபொண்ணு, நீ வா.”

 

“இன்னா சொன்னாரு டாக்டரு?” என்றாள்.

“ஒண்ணும் சொல்லல.”

“மறைக்காதீங்க. இன்னா சொன்னாங்க? குடலுல எதுனா கட்டி கிட்டின்னு சொன்னாங்களா?”

“அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா வா.”

“சும்மாவா? நீங்களா கூப்புடறீங்க?” என்று சொல்லிவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். பக்கத்தில் வந்து இரு என்று கூப்பிட்டால், சாகப் போகிறேன் என்றுதான் என் பெண்டாட்டிக்கு அர்த்தமாகிறது. பத்து நிமிஷத்தில் தமிழ்க்குமரன் போன் செய்தான். “அப்பா, இன்னாப்பா ஆச்சி? அம்மா அழுவுது. நான் பஸ்ஸுக்குக் கௌம்பிட்டேன்.” வராதே என்று சொல்ல வாயெடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, “வாடா” என்றேன்.

பாகூர் வந்து, அங்கிருந்து வில்லியனூர், அப்புறம் இன்னொரு பஸ். ஐந்து மணிக்குச் சின்னபொண்ணு வார்டுக்குள் நுழைந்தாள். நான் அன்று கண்ணை மூடவில்லை. தலை கலைந்திருந்தது, புடவையில் தவிட்டு வாசனை. என்னிடம் வராமல் நேராக ஜோஸ்பின் சிஸ்டரிடம் போனாள்.

“சிஸ்டர், கும்புட்டுக் கேக்கறேன், உண்மையச் சொல்லுங்க.”

“நாளைக்கு இவருக்குக் கஞ்சி குடுக்கப் போறோம். இதாம்மா உண்மை. நல்லா இருக்காரு.”

அவள் இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அழுகை போய்விட்டது.

“பின்ன இன்னாத்துக்குய்யா என்னை இந்த ஓட்டம் ஓட வுட்ட? சினை மாட்ட சுப்பராயலு பொண்டாட்டிகிட்ட வுட்டுட்டு, போட்டது போட்டபடி வந்தேன்! தெருவே கூடிப் போச்சி!”

ஆரோக்கியம் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் ஒரு திட்டு கிடைத்துவிட்டது.

“நீ இருந்தா தேவலாம்னு இருந்துச்சி” என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கையில் பிடித்திருந்த பையைக் கீழே வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.  பிறகு கேட்டேன்.

“உனக்கு ஆப்பரேசன் பண்ணாங்களே. மொத தடவ எப்பிடி எழுந்த?”

“இன்னாத்துக்கு இப்ப அது?”

“சொல்லு.”

“கட்டில் கம்பியப் புடிச்சிக்கினு எழுந்தேன். மொத தரம் வுழுந்துட்டேன். அப்புறம் பழகிடுச்சி.”

விழுந்தது எனக்குத் தெரியாது. என் கதையில் அவள் விழவே இல்லை.

“கூட யாரும் இல்லையான்னு அங்க யாரும் கேக்கலையா?”

“கேக்காம இருப்பாங்களா? தெனம் கேட்டாங்க.” அவள் என் போர்வையின் சுருக்கத்தை இழுத்து நேராக்கினாள். “வூட்டுக்காரரு துபாய்ல இருக்காருன்னு சொல்லிட்டேன். இதோ இருக்கிற சோரியாங்குப்பத்துல கரும்பு வெட்டிக்கினு இருக்காருன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சி.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது கத்தியிருப்பேன்.