கல்லியில் வைத்த வளைவு

சித்தியின் சவப்பெட்டியைத் தூக்குவதற்கு முன்பே ஜெஸி ஷாப்பிங் மாலுக்குப் போன் செய்துவிட்டாள். மேலாளர் வந்தனா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாலுக்குள் போகும் சந்து, அந்தக் கல்லி, எப்போதும் திறந்துதான் இருக்கிறது, பாட்டை மட்டும் நிறுத்திவைக்கிறேன் என்று இந்தியில் சொன்னாள். ஜெஸிக்கு மனம் லேசானது. அழுகைக்கு நடுவிலும் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. அவள் வரைந்த தெரு வழியாக ஒரு இறுதி ஊர்வலம் போகப்போவது இதுதான் முதல் முறை.

"சித்தப்பா, நேராவே போலாம். பேசிட்டேன்," என்றாள்.

மரியஅந்தோணி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் காலையில் டீயோடு சித்தியை எழுப்பப் போனவர் அவர். இருதயமேரி எழுந்திருக்க மாட்டேங்கிறா என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னதோடு சரி. இப்போது நிமிர்ந்து பார்த்தார்.

"பேச என்னட்டி இருக்கு? நம்ம கல்லிதான?"

தாராவியின் அந்தக் கல்லியில் யார் இறந்தாலும் வண்டி வைப்பதில்லை. ஆறு பேர் தோளில்தான் மாதா கோவிலுக்குப் போக வேண்டும். வீட்டு வாசலில் தூக்கிய பெட்டி கோவில் படியில்தான் இறங்கும். நடுவில் இறக்கக் கூடாது, திரும்பியும் வரக் கூடாது. ஒவ்வொரு வாசலைக் கடக்கும்போதும் அந்த வீட்டு ஆண் ஒருவர் வந்து தோள் மாற்றிக்கொள்வார். தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் வருடக்கணக்காகப் பேசாமல் இருந்தவர்கள்கூட அன்றைக்கு வந்து நிற்பார்கள். பெட்டி இறங்கியதும் மறுபடி பேசாமல் போய்விடுவார்கள்.

கோவிலுக்கும் வீடுகளுக்கும் நடுவே முன்பு ஒரு தோல் கிடங்கு இருந்தது. கல்லி அதன் ஊடாகப் போனது. கிடங்கை இடித்து மால் கட்டப்போகிறார்கள் என்றபோது கல்லி மொத்தமும் எதிர்த்து நின்றது. வழியை மூடினால் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் கோவிலுக்குப் போக வேண்டும். அங்கே நடைபாதை என்று ஒன்று கிடையாது. அந்த மாலுக்குப் படம் வரையும் வேலை ஜெஸியின் கட்டட வடிவமைப்பு அலுவலகத்துக்கு வந்தது. செம்பூருக்குக் குடிபோய் எட்டு வருடமாகியிருந்த ஜெஸி, படங்களோடு கோவில் கூடத்துக்கு வந்து நின்றாள்.

"கல்லி அப்படியே இருக்கும். கதவு கிடையாது, பூட்டு கிடையாது. மேலே கண்ணாடிக் கூரை. மழையில நனைய வேண்டாம். வீல்சேரும் போகும்," என்றாள்.

"ஏசி உண்டாக்கா?" என்று கேட்டான் சாஜன், சித்தியின் மகன்.

"கொஞ்சம் குளிரும்."

"அப்போ இனிமே எங்கப்பா டெய்லி ரெண்டு பூசைக்குப் போவாரு."

கூடம் சிரித்தது. மரியஅந்தோணி மட்டும் சிரிக்கவில்லை. மால்காரனை நம்பலாமா என்று அவர் கேட்டபோது பின்வரிசையிலிருந்து சித்திதான் எழுந்தாள்.

"மால்காரன எதுக்கு நம்பணும்? வரையுதது நம்ம பிள்ள. நம்ம காலு போற தடம் அவளுக்குத் தெரியாமலா போவும்? சும்மா கையத் தூக்குங்கடே."

கைகள் உயர்ந்தன. மரியஅந்தோணியின் கை கடைசியாக.

இப்போது அந்தச் சித்தி பெட்டிக்குள் இருந்தாள். முன்னால் சாஜனும் கல்லிப் பையன் ஏஞ்சலோவும், நடுவிலும் பின்னாலும் நான்கு பேர். வாசலுக்கு வாசல் தோள் மாறியது. பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். ஜெஸி அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள். கடைசி வீட்டைத் தாண்டியதும் சாஜன் மறுபடி முன்னால் வந்து தோள் கொடுத்தான். ஊர்வலம் மாலுக்குள் நுழைந்தது.

குளிர் முகத்தில் அடித்தது. வந்தனா சொன்னபடி பாட்டு நின்றிருந்தது. காவலாளிகள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். ஐஸ்கிரீம் கடைப் பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். சிலர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள், சிலர் வெட்கப்பட்டுக் கீழே இறக்கினார்கள். கண்ணாடிக் கூரையிலிருந்து வெயில் பெட்டியின் மேல் விழுந்தது. மரியஅந்தோணி திரும்பி ஜெஸியைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். அந்த ஒரு தலையசைப்புக்காகவே அந்த மாலுக்குப் படம் வரைந்ததாக அவளுக்குத் தோன்றியது.

பிறகு பெட்டி நின்றது.

ஜெபமாலை தொடர்ந்தது. பின்னால் இருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஜெஸி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். கல்லி இடப்பக்கம் திரும்பும் இடம் அது. திருப்பத்தின் நடுவில் மூங்கில் வளர்ந்த பெரிய தொட்டி. அதன் இரண்டு பக்கமும் ஆட்கள் போகலாம், வரலாம். பெட்டி போகவில்லை. சாஜன் வலப்பக்கம் முயன்றான், பின்னால் இருந்தவர்களின் முழங்கை கடைக் கண்ணாடியில் இடித்தது. இடப்பக்கம் முயன்றார்கள், முனை தொட்டியில் முட்டியது.

வந்தனா ஓரமாக நின்றிருந்தாள். ஜெஸி அவள் மேல் பாய்ந்தாள்.

"யார் இதை இங்க வச்சது? வழியில எதுவும் வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன் இல்ல? இப்பவே எடுக்கச் சொல்லுங்க!"

வந்தனா குழம்பிப்போனாள். மேடம், இது தரையோடு கட்டியது, கருங்கல், என்றாள். பிறகு மெதுவாக, இது உங்க டிசைன்தானே மேடம், என்றாள்.

ஜெஸி தொட்டியைப் பார்த்தாள். அதன் விளிம்பு மழுங்கி வளைந்திருந்தது. யாருக்கும் இடித்துவிடக் கூடாதென்று அந்த வளைவை மூன்று முறை அழித்து வரைந்தவள் அவள்தான்.

பத்து வருட மால் வேலையில் அவள் கற்றது ஒன்றுதான், நடக்கிறவரை நிறுத்துவது. ஏறும் படிக்கட்டையும் இறங்கும் படிக்கட்டையும் தள்ளித் தள்ளி வைப்பாள். சுவரில் கடிகாரம் வைக்க மாட்டாள். வழியின் முடிவு கண்ணில் படாதபடி வளைப்பாள். வளைவில் குறுக்கே ஏதாவது இருந்தால் கால் தயங்கும், கால் தயங்கினால் கண் கடைப் பக்கம் திரும்பும். பிறகு எல்லோரும் நடக்கத் தகுந்த நகரம் என்று பேசத் தொடங்கினார்கள். அவளும் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் அதைப் பற்றிப் பேசிக் கைதட்டல் வாங்கினாள். நடக்கிறவர்களைத் தன்னைவிட யாருக்குத் தெரியும் என்று உண்மையாகவே நம்பினாள்.

நேரான கல்லியில் ஜனங்கள் குழாய்த் தண்ணீர்போல ஓடிப் போய்விடுவார்கள் என்று மால்காரர்கள் முகம் சுளித்தபோது அவள்தான் வளைத்தாள், அவள்தான் மூங்கிலை வைத்தாள். இரண்டு பக்கமும் நாலரை அடி விட்டாள். வீல்சேர் போகும், குழந்தை வண்டி போகும், கை கோத்த இருவர் போவார்கள். படத்தில் நிறைய மனிதர்களையும் நடக்கவிட்டிருந்தாள். ஒருவர் கையில் துணிப்பை, ஒருத்தி கையில் குழந்தை. சேர்ந்து ஒன்றைச் சுமந்துகொண்டு அதில் யாருமே போகவில்லை. அவள் பிறந்த கல்லியில் வெறுங்கையோடு நடக்கிறவர்களைத்தான் தேட வேண்டும். அது தெரிந்தவள்தான் அவள். படம் வரையும்போது நினைப்பு வரவில்லை.

"கொஞ்சம் சாய்ச்சா போயிரும்ல," என்றான் ஏஞ்சலோ.

"சாய்க்காதல," என்றார் மரியஅந்தோணி.

"லேசாத்தான் மாமா."

வலப்பக்க ஆட்கள் தோளை இறக்கினார்கள். இடப்பக்க ஆட்கள் குதிகாலை உயர்த்தினார்கள். பெட்டி ஒருபக்கமாகச் சரிந்து, கடைக் கண்ணாடியை உரசி, பாதி திரும்பியது. அப்போது உள்ளே ஏதோ நகர்ந்து பலகையில் மோதியது. பெரிய சத்தமில்லை. வாசல் கதவை ஒரு கை தட்டினதுபோல.

ஜெபமாலை நின்றுவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் சட்டை மடித்துக்கொண்டிருந்தவனின் கை அப்படியே நின்றது. சித்தியின் தலையா, தோளா என்று ஜெஸியின் மனம் தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாஜன் அழவில்லை. "அம்மா," என்று மட்டும் சொன்னான், கூப்பிடுவதுபோல.

மரியஅந்தோணி பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"போதும். நேராக்குங்க. திருப்புங்க."

"திருப்பக் கூடாதேப்பா," என்றான் சாஜன்.

"அவளப் போட்டு உருட்டக் கூடாதுல்லா. திருப்புல."

பெட்டி திரும்பியது. ஜெபமாலையோடு வந்த பெண்கள் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்தக் கல்லியில் இறந்தவர் ஒருவர் திரும்பி வருவதை இதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. ஐஸ்கிரீம் கடைப் பெண் மறுபடி சிலுவை போட்டுக்கொண்டாள்.

யாராவது தன்னைத் திட்டுவார்கள் என்று ஜெஸி காத்திருந்தாள். திட்டினால் பிடித்துக்கொள்ள ஏதோ கிடைத்த மாதிரி இருக்கும். யாரும் திட்டவில்லை. எல்லோரும் பெட்டியைத்தான் பார்த்தார்கள்.

மெயின் ரோட்டில் நிறுத்தியிருந்த வண்டிகளுக்கும் ஓடும் பஸ்களுக்கும் இடையில் வரிசையாக நடந்தார்கள். அங்கே வாசல்கள் இல்லை, தோள் மாற்ற யாரும் வெளியே வரவில்லை. கூட வந்த ஆண்களில் பாதிப் பேர் வண்டிகளைத் தடுக்கப் பெட்டியைச் சுற்றிக் கை கோத்து நடந்தார்கள். சாஜன் பாரத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்து நடப்பது பின்னாலிருந்தே தெரிந்தது. ஜெஸி ஓடிப்போய் அவன் பக்கத்தில் தன் தோளைக் கொடுக்கப் போனாள்.

"வேண்டாங்க்கா," என்றான். அவள் பக்கம் திரும்பவில்லை.

கோவிலுக்குக் கடக்க வேண்டிய இடத்தில் சிக்னல் சிவப்பாக இருந்தது. பாதி ரோட்டைத் தாண்டி, நடுவிலிருந்த குறுகலான தடுப்புக்கட்டையின் மேல் ஆறு பேரும் பெட்டியோடு ஏறி நின்றார்கள். இரண்டு பக்கமும் வண்டிகள் போயின. ஒரு டெம்போ ஹாரன் அடித்துக்கொண்டே கடந்தது. மூடிமேல் வைத்த சாமந்திப் பூக்கள் காற்றில் எழும்பி ரோட்டில் விழுந்து நசுங்கின. யாரும் குனிந்து எடுக்கவில்லை. இடமில்லை.

அம்மா ஜெஸியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூட்டுவலிக்காரி. இவ்வளவு தூரம் நடந்து நாளாகிவிட்டது. மூச்சு வாங்கியது.

"ஏட்டி ஜெஸி."

"என்னம்மா?"

"எனக்கு ஆகும்போது எந்தப் பக்கமாக் கொண்டுபோவீங்க?"

குத்திக்காட்டும் குரல் இல்லை. எந்த பஸ் போகும் என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

மூங்கில், கண்ணாடி, கருங்கல், மெயின் ரோடு எல்லாம் ஒரே படமாக ஜெஸியின் நினைவில் வந்தன. எந்தக் கோட்டை அழிப்பது என்று தெரியவில்லை.

சிக்னல் பச்சையானது. மரியஅந்தோணி ஒரு கையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் இறங்கினார். பெட்டி அவர் பின்னால் இறங்கியது. கூட்டமும் போனது. அம்மா மட்டும் அசையாமல் நின்று, பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.