மிஞ்சிய தக்கை

விறகு எடுக்கக் குனிந்த உலியானாவின் கண்ணில் அடுப்போரமாக ஒரு கம்பளித் தக்கை பட்டது. விரல்நுனி அகலம்தான் இருக்கும். விறகை விட்டுவிட்டு அதை எடுத்துப் பார்த்தாள்.

தோட்டா ஒன்றுக்கு, மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே அடைக்க இரண்டு தக்கை. நேற்று மூன்று பித்தளைக் கூடுகளில் குண்டு அடைக்க எண்ணித்தான் நறுக்கினாள். ஒன்று மிஞ்சுகிறதென்றால் ஏதோ ஒரு கூட்டில் தக்கைக்கு இடமில்லாமல் வெடிமருந்து அதிகமாக ஏறியிருக்கிறது.

எல்லாம் கொழுந்தன் புரோகோபியால் வந்த வினை. இரண்டு தோட்டாவை முடித்து மூன்றாவதை எடுத்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான். அணிலுக்கும் பறவைக்கும் சிறு ஈய ரவை அடைப்பதை யார் பார்த்தாலும் பரவாயில்லை. ஈயக் குண்டு தாத்தாவுக்கு. இந்தக் குளிருக்கும் உறங்காமல் அலைந்து, போன வாரம் வீட்டு நாயைத் தூக்கிப்போன கரடிக்கு. அதன் பேரைச் சொல்லக் கூடாது, தாத்தா என்றுதான் சொல்ல வேண்டும், அதற்கென்று குண்டு அடைப்பதை ஒருவருக்கும் சொல்லக் கூடாது. காடு முழுக்க அதன் காது. ஆகவே எல்லாவற்றையும் பாவாடைக்கடியில் தள்ளி மேலே உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன அண்ணி, அடைகாக்குறீங்களா? எந்திரிக்கவே மாட்டேங்கிறீங்க" என்றான்.

"அணிலுக்கு ரவை போட்டுட்டிருக்கேன். டீயக் குடிச்சிட்டு இடத்தைக் காலி பண்ணு."

அவன் லேசில் போகிற ஆளா. இரண்டு கிண்ணம் டீ குடித்து, ஊர்க்கதையெல்லாம் அளந்துவிட்டுத்தான் போனான். எரிச்சலோடு மூன்றாவது கூட்டை அடைத்து முடித்தாள்.

இப்போது ஆணியில் தொங்கிய அளவுச் சிமிழ்களைப் பார்த்தாள். ஒரே வாரில் இரண்டு. பெரிய கொம்புச் சிமிழ் பழைய கரிமருந்துக்கு. சின்னப் பித்தளைச் சிமிழ் புகையில்லாத புது மருந்துக்கு. கரிமருந்து தீர்ந்து ஒரு வருஷம் ஆகிறது, கொம்பைக் கழற்றி எறிய வேண்டுமென்று கணவன் கெரஸிமிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள், அவளும் எறியவில்லை. கொம்பின் அடியில் புது மருந்தின் மஞ்சள் துணுக்கு ஒட்டியிருந்தது. அந்த அளவுக்குப் புது மருந்தைப் போட்டால் அவர்களுடைய சிறுகுழல் துப்பாக்கி தாங்காது. பின்புறம் பிளந்து சுடுகிறவன் முகத்தில்தான் வெடிக்கும்.

ஒன்றுபோல் இருந்த மூன்றில் கைக்கு வந்த இரண்டைக் கெரஸிம் விடிந்ததும் கொண்டுபோய்விட்டான். பொறி பார்க்கப் போகிறேன் என்றான். பொறி பார்க்கக் குண்டு எதற்கு என்று அவளும் கேட்கவில்லை. கேட்கக் கூடாதே.

மிஞ்சித் தன் துப்பாக்கியில் இருந்த தோட்டாவை உருவினாள். கெட்டது இதுவாக இருக்கட்டும், இதுவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே கத்திமுனையால் மெழுகைச் சுரண்டிக் குண்டைத் தோண்டினாள். மருந்தைச் சின்னச் சிமிழில் கொட்டினாள். தலைதட்டி நின்றது. ஒரு துணுக்குகூட அதிகமில்லை.

அப்படியானால் கெட்டது அவனிடம்.

அதே மருந்து, இரண்டு தக்கை, குண்டு, மெழுகு. மறுபடி அடைத்துத் துப்பாக்கியில் போட்டுக்கொண்டு பனிச்சறுக்குப் பலகையில் ஏறினாள். அவன் தடம் ஆற்றுப் பக்கம் போயிற்று. பாதி வழியில் அந்தத் தடத்தின்மேல் இன்னொரு தடம் ஏறியிருந்தது. அகலமான பாதம், நீள நகம். அது அவன் பின்னாலேயே போயிருந்தது. கூப்பிட வாய் வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

ஆற்று வளைவில் இருவரும் தெரிந்தார்கள். விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் கெரஸிம் துப்பாக்கியைக் கன்னத்தில் வைத்து நின்றான். இந்தப் பக்கம் தாத்தா, அவளுக்கு விலாவைக் காட்டிக்கொண்டு. கத்தினால் அது பாயும், பாய்ந்தால் அவன் சுடுவான். அவனுக்கு முன்னால் அவள் சுட வேண்டும். முன்னங்காலுக்குப் பின்னால் குறிவைத்து விசையை இழுத்தாள்.

கரடி முழங்கால் மடிந்து விழுந்தது. மறுபடி எழப் பார்த்தது. கெரஸிம் அதன் காதில் வைத்துச் சுட மரத்தைத் தாண்டி வந்தான்.

"கெரஸிம், சுடாதே! குழல் வெடிச்சிரும்!"

தாத்தா காதில் விழ வேட்டைக்காரன் பேரைச் சொல்லிக் கத்தலாமா என்ற கோபத்தோடு அவன் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்தான். துப்பாக்கி தாழ்ந்தது. கரடியின் கை பனியைப் பிறாண்டியது, இரண்டாம் முறை பிறாண்டியது, நின்றது.

பிறகு அவன் குழலில் இருந்த தோட்டாவை அவளே உருவித் தோண்டினாள். குண்டுக்கடியில் ஒரே ஒரு தக்கை. மருந்து அவள் உள்ளங்கைக் குழி நிறைந்து விரலிடுக்கில் வழிந்து பனியில் விழுந்தது. கெரஸிம் அந்த மஞ்சளைப் பார்த்தபடி மரத்தில் உட்கார்ந்துவிட்டான். வழியெல்லாம் அடக்கிவைத்திருந்த அழுகை அவளுக்கு இப்போது பீறிட்டது.

அவன் கையுறையைக் கழற்றி, வலக் கண்ணைத் தொட்டுப் பார்த்தான். பிறகு இடக் கண்ணை.

"அழாதே உலியானா. ரெண்டு கண்ணாலயும் உன்னையத்தான் பாத்துட்டிருக்கேன்."