விலாசம் மறந்த மேடம்

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வேலை பார்க்கும் எனக்கு ஒரு கர்வம் உண்டு. எப்பேர்ப்பட்ட பயத்தில் உளறுகிறவரிடமிருந்தும் விலாசத்தைக் கறந்துவிடுவேன். பயம் தலைக்கேறினால் முதலில் காணாமல் போவது சொந்த வீட்டு விலாசம்தான். "எங்க இருக்கீங்க?" என்றால் "வீட்லதான்!" என்று கத்துவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அந்த நேரத்தில் மூளை யோசிக்கிற வேலையை நிறுத்திவிடும். வாய்க்குப் பழகியது மட்டும் தானாக வரும்.

வீட்டில் இந்தத் திறமைக்கு மரியாதை கிடையாது. எங்களோடு இருக்கும் என் கணவரின் அக்காவுக்கு, அவர் போடும் சத்தத்துக்காக நான் வைத்த பெயர் சைரன். மனதுக்குள் மட்டும்தான், எனக்கும் உயிர்மேல் ஆசை இருக்கிறது. நான் எதற்கும் அலட்டிக்கொள்ளாதது அவருக்குப் பிடிக்காது. "கல்நெஞ்சுக்காரி. நான் சாகக் கெடந்தாலும் பேரென்ன, வயசென்னன்னு கேப்பா" என்று தம்பியிடம் சொல்வார், என் காதில் விழுகிற மாதிரி.

அன்று காலை ஹெட்போனில் ஒரு குரல் பதறியது. "மேடம், மேடம், என் அக்கா..."

என் கணவர்! சொந்தப் பெண்டாட்டியின் குரல் அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் உடனே அழுதுவிடுவார். மேடம் என்றால் சொன்னதைச் செய்வார்.

"மூச்சு விடுறாங்களா?"

"விடுறாங்க மேடம். சமையலறை ஜன்னல் திரையில தீ புடிச்சிருச்சு. நான் அணைச்சுட்டுத் திரும்பிப் பாத்தா, நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. வேர்த்துக் கொட்டுது."

"நடக்க விடாதீங்க. சாய்ச்சு உக்கார வைங்க. போனை ஸ்பீக்கர்ல போடுங்க."

பின்னால் சைரன் சத்தமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

கணினித் திரையில் விலாசக் கட்டம் காலியாக இருந்தது. விசைப்பலகையில் விரல்களை வைத்தேன், ஒன்றும் வரவில்லை. தெருப் பெயர்? வீட்டு எண்? சுத்தமாகத் துடைத்துவிட்டது போல் இருந்தது. அந்த மனுஷி போய்விடக் கூடாதே என்று எனக்கு அவ்வளவு பயம்.

ஆனால் பயந்தவர்களைப் பேச வைப்பதுதானே என் பிழைப்பு. இந்தத் தடவை பயந்தவர்கள் இரண்டு பேர், அவ்வளவுதான்.

"சார், விலாசத்த யோசிக்காதீங்க. கூரியர்காரர் போன் பண்ணி வழி கேக்குறார். என்ன சொல்வீங்க?"

தடுமாறாமல் வந்தது. "பள்ளிக்கூடம் தாண்டி லெஃப்ட்ல ரெண்டாவது தெரு. கீழ டெய்லர் கடை, அதுக்கு மேல மாடி. காலிங் பெல் வேலை செய்யாது, கதவத் தட்டுங்க."

கேட்கக் கேட்க தெருப் பெயரும் எண்ணும் எனக்குத் திரும்பி வந்தன. அந்தப் பெல்லைச் சரிசெய்யச் சொல்லியே என் தொண்டை வறண்டது தனிக் கதை. மளமளவென்று தட்டச்சு செய்து வண்டியை அனுப்பினேன்.

"கதவத் திறந்தே வைங்க. அக்கா, பயப்படாதீங்க, வண்டி கெளம்பிடுச்சு. நான் லைன்லயே இருக்கேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார். "ரத்தக் குழாய்ல அடைப்பே இல்ல. அளவுக்கு மீறின பயம் இதயத் தசையையே மரத்துப்போக வச்சிருச்சு. கீழ்ப்பாகம் பலூன் மாதிரி உப்பி, சரியா சுருங்க மாட்டேங்குது. சீக்கிரம் கொண்டுவந்தது நல்லதாப் போச்சு. சில வாரத்துல தேறிடுவாங்க."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. கட்டிலில் கிடந்த சைரனுக்குக் குரலும் பாதி திரும்பியிருந்தது.

"போன்ல பேசுனாளே ஒரு மேடம், அவ குரல்தான் என்னப் புடிச்சு வச்சுச்சு. எவ்வளவு அன்பு! நீயும்தான் அதே வேலை பாக்குற."

"அந்த மேடத்துக்கு அப்போ அவ வீட்டு விலாசமே மறந்துபோச்சுக்கா."

"அது நீயா?" என்று வாயைப் பிளந்தார் என் கணவர்.

அவர் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார், "எனக்காகவா பயந்த?"

"ஆமாக்கா. பேரு, வயசு கூடக் கேக்கல."